குருதி வழியா, கூலி வழியா?

அறிவும் ஆக்கமும் சில குடிகளுக்கே வழிவழி உரியன என்னும் பழைய எண்ணத்துக்கு அறிவியல் உடை போர்த்தியவர் பிரான்சிஸ் கால்டன். 1869-இல் வெளிவந்த நூலில் அவர் நீதிபதிகள், அரசியலறிஞர் முதலியோரின் குடிவழிகளைத் தொகுத்துக் காட்டினார். அக்குடிகளுக்கிருந்த பணத்தையும் பள்ளியையும் செல்வாக்கையும் உரிய அளவில் கருதினாரல்லர்.

குடியேற்ற நாடுகளில் இவ்வெண்ணம் இனத்தின் மேல் ஏறிற்று. அதனை மறுத்தெழுந்தவற்றுள் தலையாயது, ‘சோம்பேறிச் சுதேசி என்னும் கட்டுக்கதை’ எனப் பொருள்படும் தலைப்பில் சையட் உசேன் அலாட்டாஸ் 1977-இல் வெளியிட்ட ஆங்கில நூல். மலாய்க்காரர் உழைக்க மறுத்தாரல்லர். தம் வயலையும் கடலையும் விட்டுப் பிறர் தோட்டத்தில் கூலிக்குழைக்கவே மறுத்தனர். அம்மறுப்புக்கே சோம்பல் எனப் பெயரிடப்பட்டது என்பது அவர் வாதம். மகாதீர் முகம்மது 1970-இல் எழுதிய ‘மலாய் டைலமா’, மலாய்க்காரர் நிலைக்குப் பரம்பரையையும் சூழலையும் காரணங்காட்ட ஓர் இயலையே ஒதுக்கியது. அதனையும் அலாட்டாஸ் விட்டுவைக்கவில்லை. ஆள வந்தோர் சொன்னதை ஆளப்பட்டோரே நம்பி எடுத்தாண்டமையை அஞ்சாது காட்டும் அப்பகுதியே நூலின் உயிர்நிலை.

ஆயினும் தமிழருக்கு ஒரு மனக்குறை எஞ்சும். சோம்பல் என்னும் பழியை விரித்தாராய்ந்த நூல், அதன் மறுபக்கமான ‘பணிவு’ என்னும் புகழ்ச்சியை அத்துணை விரித்தாராயவில்லை. தென்னாட்டுக் கூலி இயல்பிலேயே அடங்கி நடப்பவன் என்பது தோட்டத் துரைமாரின் துணிபு. பிறவிக் குணமாயின் அதனைக் காக்க முன்பணக் கடனும் கங்காணியும் எதற்கு? 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது, கூலி உயர்வோடு, துரையைக் கண்டால் சைக்கிளினின்று இறங்கவேண்டும் என்னும் வழக்கத்தையும் ஒழிக்கக் கேட்டனர். அரசு அவர்தம் தலைவர் ஆர். எச். நாதனைச் சிறைப்படுத்தியது, படையை ஏவியது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பிறவியிலேயே பணிந்தவரை அடக்கப் படை வேண்டியிருந்தது விந்தையே!

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. அப்பள்ளிகள் பெரும்பாலும் தொடக்கப் படிப்போடு நின்றன. தந்தையைப் போல மகனும் பால்மரம் சீவப் போனது குருதியாலன்று, மேற்பள்ளிக்கு வழியின்மையால்.

சுங்கை ரெங்கம் தோட்டமாயிருந்த நிலத்தில் எழுந்த ஷா ஆலம் 1978-இல் சிலாங்கூரின் தலைநகராயிற்று. தோட்டம் போயிற்று, ‘அவர்கள் பிறவியே அப்படி’ என்னும் பேச்சு மட்டும் சில வேளை ஆசிரியர் அறை வரை வந்துவிடுகிறது. அலாட்டாஸ் மலாய்க்காரருக்குச் செய்ததைத் தோட்டத் தமிழருக்குச் செய்யும் நூலொன்று தமிழில் வேண்டும். அதனை எழுதப் புகுவோர் கிள்ளான் வேலைநிறுத்தத்திலிருந்தே தொடங்கலாம்.