கொப்பியில் ஏறாத ஆணம்: சமையற் குறிப்பின் உரைநடை பற்றி

சமையற் குறிப்பை ஓர் உரைநடை வகையாகக் கொண்டு நோக்கும் வழக்கம் நமது திறனாய்வுத் துறையில் இன்னும் வேரூன்றவில்லை. தாலாட்டையும் ஒப்பாரியையும் தேடித் தொகுத்தோர்கூட, அவற்றைப் பாடிய பெண்கள் அடுப்படியில் வைத்திருந்த கொப்பியைப் புரட்டிப் பார்த்தாரல்லர். பெண்கள் தம் கைப்பட எழுதி, மகளுக்கும் மருமகளுக்கும் கையளித்த எழுத்து எதுவெனத் தேடுவோருக்கு அக்கொப்பியே முதற் சான்றாகும்.

அச்சில் வந்தவற்றுள் எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ (1951) முன்னிடம் பெறுவது. அருகில் மாமியாரோ தாயோ இல்லாத ஓர் இளம் பெண்ணை முன்னிறுத்தி, அளவு பிசகாமல், ஒன்றன்பின் ஒன்றாகச் செயல்களை அடுக்கிச் செல்லும் அந்நடையில் அலங்காரம் இல்லை, தெளிவு உண்டு. ஆயினும் தமிழகத்துப் பிராமணக் குடும்பமொன்றின் மரக்கறிச் சமையலே அந்நூலின் உலகம். அதைத் ‘தமிழர் சமையல்’ என்று பொதுமைப்படுத்தியது பிற்கால வாசகர் செய்த பிழை. இலங்கையில் 1929இல் ஹில்டா டொய்ட்ரோம் பதிப்பித்து வெளிவந்த ‘சிலோன் டெய்லி நியூஸ்’ சமையல் நூலின் குறை வேறு வகையானது. அது ஆங்கில நூல். வாசித்தவள் இல்லத்தலைவி, அடுப்பின் முன் நின்றவள் பெரும்பாலும் அம்மொழி அறியாத வேறொருத்தி. எனவே அச்சேறிய குறிப்பும் ஈற்றில் வாய்மொழியாகவே அடுப்பைச் சென்றடைந்தது.

இவ்விரண்டு நூல்களுக்கும் வெளியே நிற்பது மடவளை போன்ற ஊர்களின் அடுப்படி. கண்டி மாவட்டத்தில், சிங்களக் கிராமங்கள் சூழ்ந்திருக்க, முஸ்லிம்கள் செறிந்து வாழும் வணிக ஊர் அது; வீட்டு மொழி தமிழ். இத்தகைய வீடுகளின் கொப்பிகளை நோக்கின் ஒரு முரண் புலப்படும். பட்டர் கேக், லவ் கேக், புடிங் ஆகியன பொருளும் அளவும் நேரமுமாக விரிவாக எழுதப்பட்டிருக்கும். அன்றாடம் இராச்சோற்றோடு பரிமாறப்படும் ஆணத்துக்கு ஒரு வரியும் இராது. கேக் பிறரிடமிருந்து கற்றது. பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி மிகுந்தாலும் அது மன்னிக்காது. ஆகையால் எழுத்து வேண்டியிருந்தது. ஆணமோ தாயின் பக்கத்தில் நின்று கண்ணளவாற் கற்றது. விளைவு என்ன? நாளை ஓர் ஆய்வாளன் இக்கொப்பிகளை மட்டுமே சான்றாகக் கொண்டால், மடவளையார் பிறந்தநாட் கேக்கையே உண்டு உயிர்வாழ்ந்தனர் என முடிவுகட்ட நேரும்! குழம்பு என்னும் பொருளில் அகராதிகளில் இடம்பெற்றிருக்கும் பழஞ்சொல்லாகிய ‘ஆணம்’, முஸ்லிம் வீடுகளின் பேச்சில் இன்றும் வழங்குகிறது. பேச்சில் வாழும் அச்சொல்லைக் கொப்பியிற் காண்பது அரிது.

எழுதப்பட்டவையும் முழுமையானவை அல்ல. பட்டர் கேக்குக்கு மாவு, சீனி, பட்டர் ஒவ்வொன்றும் ஓர் இறாத்தல், முட்டை பத்து என்பது பழைய கணக்கு. மகள் அதை 500 கிராம் என்று திருத்தி எழுதுகிறாள். இறாத்தல் 454 கிராமே. மூன்று பொருளும் பத்திலொரு பங்கு கூட, முட்டை மட்டும் பத்தாகவே நிற்கிறது. உம்மும்மாவின் கேக்கைப்போல் வரவில்லை என்னும் குறைக்குக் கைப்பக்குவத்தைப் பழிப்பதற்கு முன் இக்கணக்கைப் பார்த்தல் தகும். அடுப்பும் மாறிவிட்டது. தட்டின் மேலும் கீழும் தணலிட்டுச் சுட்ட நாளில் ‘பொன்னிறமாகும்வரை’ என்பதே நேரக் கணக்கு. மின்போறணைக்கு அது போதாது.

லவ் கேக் பறங்கியர் வழி வந்ததென்பர். ரவையும் கஜுவும் முட்டையின் மஞ்சட்கருவும் பன்னீரும் சேர்ந்த அப்பண்டம் பெருநாட் தட்டில் வட்டலப்பத்தின் அருகே இடம்பெறுகையில், அதனை அந்நியம் என்று எவரும் கருதுவதில்லை. பெயரை மட்டும் எவரும் மொழிபெயர்க்கவில்லை, அதுவும் நன்றே. வட்டலப்பத்தின் குறிப்பு இன்னும் சுருக்கம்: முட்டை, கித்துள் கருப்பட்டி, தேங்காய்ப்பால், ஏலம். வெந்தபின் உள்ளே துளைகள் நிறைந்திருக்க வேண்டுமா, வழுவழுப்பாக இருக்க வேண்டுமா என்பது வீட்டுக்கு வீடு மாறும் பெரும் வழக்கு. கலவையை எவ்வளவு அடிப்பது, எத்தகைய நெருப்பில் அவிப்பது என்பவற்றில் அதன் விடை தங்கியுள்ளது. குறிப்பு அதைச் சொல்வதில்லை. எழுதியவள் தன் வீட்டு வழக்கையே உலக வழக்காகக் கருதினாள் போலும்.

அளவைகளிலும் ஒரு சமூகப் பார்வை உறைந்திருக்கிறது. ‘சமைத்துப் பார்’ ஆழாக்கிலும் படியிலும் அளக்கிறது. இக்கொப்பிகள் சுண்டையும் பால்பேணியையும் இறாத்தலையும் கொண்டு அளக்கின்றன. கலியாண விருந்துக்கோ அளவை சகன். ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் உண்பது ஒரு சகன். இத்தனை சகனுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு இறைச்சி என்பதே கணக்கு. தனியொருவருக்கு எவ்வளவு என்ற கேள்வி அங்கு எழுவதே இல்லை. அச்சு நூல் எதனுள்ளும் இவ்வளவையைப் பெயர்த்து வைப்பது எளிதன்று. ஆறாற் பிரித்துக் கிராமில் எழுதிய கணத்தில் விருந்து நீங்கி உணவு மட்டும் எஞ்சும்.

இப்போது கொப்பியின் இடத்தைத் தொலைபேசி பிடித்துவருகிறது. கொழும்பிலோ கத்தாரிலோ இருக்கும் மகள் ‘உம்மா, பால எப்ப ஊத்துற?’ என்று கேட்க, தாய் குரற்பதிவில் விடை அனுப்புகிறாள். கொப்பியில் ஒருபோதும் ஏறாத ஆணம் அங்குதான் முதன்முறையாகப் படிப்படியாக விளக்கப்படுகிறது: வெங்காயம் எந்நிறம் பெற வேண்டும், ரம்பையை எப்போது இடுவது, முதற்பாலை ஊற்றியபின் ஏன் கொதிக்கவிடலாகாது என்பன யாவும் அதில் உண்டு. தொலைபேசி நிறைந்ததும் அப்பதிவு அழிக்கப்படுகிறது. மறுவாரம் மகள் மீண்டும் கேட்கிறாள்.