மூன்று நாள் கழித்து

இணையத்தில் மாயலோக விளையாட்டுகளில் பாத்திரமேற்று ஆடும் நாங்கள் அடிக்கடி எழுதும் வரி, 'மூன்று நாள் கழித்து ஊரை அடைந்தோம்.' வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் கிரிஃபின்மேல் ஏறினால் சில நிமிடம்தான். பாத்திரத்துக்கோ அது மூன்று நாள். அதை என்ன செய்றது?

ஒவ்வோர் அடியாக ஆடிப் பார்த்தோம். இரண்டாம் இரவிலேயே சலித்துவிட்டது. பிறகு தாவ ஆரம்பித்தோம். ஒரு நண்பரின் பாத்திரம் அண்ணனின் சாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. 'மூன்று நாள் கழித்து' என்று நான்தான் எழுதினேன். போகிற வழியில்தான் அவர் அழ நினைத்திருந்தாராம். அப்புறம் அவர் ஆட வரவே இல்லை.

தானா ராத்தாக்காரனான எனக்கு இது முன்பே தெரிந்திருக்கணும். தாப்பாவுக்கு இறங்க சுமார் 60 கிலோமீட்டர். பஸ்ஸில் யாரும் கிலோமீட்டர் கேட்பதில்லை. ரிங்லெட் தாண்டியாச்சா, லாத்தா இஸ்கந்தார் அருவி வந்துச்சா, யார் வாந்தி எடுத்தது, அதுதான் கணக்கு.

மலைபடுகடாமும் அப்படித்தான். நன்னனிடம் போகும் கூத்தருக்கு 583 அடிகளில் வழி சொல்கிறது. எங்கே கவண்கல் பறந்து வரும், எங்கே பாம்பு இருக்கும், எந்தக் குடியில் சோறு கிடைக்கும் என்று இடம் பார்த்து நிற்கிறது, மற்றதைக் கடந்துவிடுகிறது.

இப்போது எங்கள் ஆட்டத்தில் ஒரு பயணத்துக்கு ஓர் ஆபத்து, ஒரு வீட்டுச் சோறு. அதற்கு முன், 'வழியில் உனக்கு ஏதாச்சும் இருக்கா?' என்று எல்லாரையும் கேட்டுவிடுகிறேன்.