மெலார்ட்டினின் கோடை

ஃபின்லாந்து இசை என்றால் நமக்கு சிபேலியஸோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அவரைவிட ஒன்பது வயது இளையவர் எர்க்கி மெலார்ட்டின். ஆறு சிம்பொனிகளை முடித்தவர். 1912-இல் எழுதிய நான்காவதுக்குக் 'கோடை சிம்பொனி' என்று பெயர். அதன் மெதுவான பகுதியில் மூன்று பெண்குரல்கள் வருகின்றன. ஒரு சொல்கூட இல்லை, வெறும் உயிரொலிதான். தந்திக் கருவிகளின் மினுமினுப்புக்கு நடுவே மனிதத் தொண்டையின் ஈரம் கசிவதைக் கேட்கக் கேட்க அலுக்கவில்லை. நாடகத்தனம் துளியும் கிடையாது; அதுதான் எனக்கு மிகப் பிடித்தது.

இதையெல்லாம் கேட்க முடிவதே நடத்துநர் லியோனித் கிரினும் தாம்பெரே ஃபில்ஹார்மோனிக் குழுவினரும் ஆறு சிம்பொனிகளையும் ஒண்டின் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவு செய்ததால்தான். வாசிப்பவர்களுக்குப் பழகிய இசையென்றால் விரல்களே வழி சொல்லும். அபூர்வமாகவே மேடையேறும் இசையில் எந்தக் குழல் முன்னே வரவேண்டும், எது அடங்கவேண்டும் என்று ஒவ்வொரு இடத்திலும் காதால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பொறுமை இந்த வாசிப்பில் கேட்கிறது. சிபேலியஸின் இறுக்கம் மெலார்ட்டினிடம் இல்லை, உண்மைதான். ஆனால் இந்தக் கனிவு அவருக்கே உரியது. நான்காவதிலிருந்து தொடங்குங்கள், அந்தக் குரல்கள் வரும்வரை நிறுத்திவிடாதீர்கள்.