சொற்பட்டியலும் சொல்லறிவும்: ஒரு விமர்சன நோக்கு

ஐக்கிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிற் பட்டப்பின் படிப்பை நாடி ஜீ.ஆர்.ஈ. பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் நம் மாணவரிடையே ஒரு வழக்கம் வேரூன்றியுள்ளது. அரிய ஆங்கிலச் சொற்களை அகரவரிசையிலே தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓரிரு சொற்களிற் பொருள் கூறும் பட்டியலை மனனஞ் செய்வதே அது. பரன்ஸ் நிறுவனத்தாரின் வழிகாட்டி நூலில் இடம்பெற்ற ஏறத்தாழ 3,500 சொற்கொண்ட பட்டியல் இவ்வகையிற் பெயர்பெற்றது. இப்பட்டியல்கள் சொல்லறிவை வளர்க்கின்றனவா, அன்றி அதன் சாயலை மட்டுந் தருகின்றனவா என்பது ஆராயத்தக்கது.

பட்டியலைப் பிறப்பித்தது பரீட்சையே எனலாம். 1926இல் முதன்முதலாக நடத்தப்பட்ட எஸ்.ஏ.ரி. பரீட்சையிலும், பின்னெழுந்த ஜீ.ஆர்.ஈ.யிலும், எதிர்ச்சொல் காணும் வினாக்களும் இரு சொற்களின் உறவை வேறோர் இணையுடன் ஒப்பிடும் வினாக்களும் நெடுங்காலம் இடம்பெற்றன. அவற்றிற் சொல் வாக்கியத்தை விட்டுத் தனித்து நின்றது. ஓட்டக்காரருக்கு மரதன் எவ்வாறோ, படகு வலிப்போருக்கு ‘றெகாற்றா’ என்னும் படகுப்போட்டி அவ்வாறு என்பதை விடையாகக் கொண்ட எஸ்.ஏ.ரி. வினாவொன்று பிற்காலத்திற் பெருங் கண்டனத்துக்குள்ளாயிற்று. வசதிபடைத்தோர் வாழ்விற் புழங்கிய அச்சொல்லை ஏனைய பிள்ளைகள் எங்ஙனம் அறிவர் என்பதே எழுப்பப்பட்ட கேள்வி. எஸ்.ஏ.ரி. 1994இல் எதிர்ச்சொல் வினாக்களையும் 2005இல் ஒப்புமை வினாக்களையும் கைவிட்டது. 2011இல் ஜீ.ஆர்.ஈ. இவ்விரண்டையும் நீக்கியது. ஆயினும் பட்டியலை ஒப்புவிக்கும் வழக்கம் நீங்கவில்லை.

பட்டியலாற் பயனே இல்லையென்று கூறுதல் நேர்மையாகாது. ‘எனர்வேற்’ என்பது ‘எனர்ஜி’யை நினைவூட்டினும், அதன் பொருள் வலுவிழக்கச் செய்தல் என்பதாகும். ‘நொய்ஸம்’ என்பதற்கும் இரைச்சலுக்கும் தொடர்பில்லை. அது துர்நாற்றத்தைச் சுட்டும். இத்தகைய பொறிகளினின்று பட்டியல் காக்கும். ஆனால், ‘லக்கோனிக்’, ‘டாசிற்றேண்’, ‘டேர்ஸ்’ என்னும் மூன்றுக்கும் சொற்சுருக்கம் என்ற ஒரே பொருளைக் கற்றவர் இடர்ப்படுவார். இரண்டாவது, இயல்பாகவே பேச்சுக் குறைந்த மனிதரைக் குறிப்பது. கடிதமொன்றை அவ்வாறு கூறுதல் பொருந்தாது. மூன்றாவது கடிதத்துக்கும் பொருந்தும். இன்றைய ஜீ.ஆர்.ஈ.யில், ஆறு சொற்களுள் வாக்கியத்தை ஒரே கருத்துடன் நிரப்பும் இரண்டைத் தெரியவேண்டிய வினா உண்டு. தம்முள் ஒத்த பொருளுடையனவாயினும் வாக்கியத்துக்குப் பொருந்தாத இணையும் அங்கு இடம்பெறலாம். வாக்கியத்தை நோக்காது பட்டியலை மட்டும் நம்பியவர் அவ்விணையையே தெரிவார்.

1949இல் வெளிவந்த நோர்மன் லூயிசின் ‘வேர்ட் பவர் மேட் ஈசி’ என்னும் நூல் சொற்களை வேர்ச்சொல் வழியே தொகுத்துக் கற்பிப்பது. அகரவரிசையினும் இது மேலான நெறியே. எனினும், வேரும் சிலவேளை வழிதவறச் செய்யும். இனிமை குறிக்கும் ‘நைஸ்’ என்பதன் இலத்தீன் மூலம் அறியாமையைக் குறித்தது. வேர் சொல்லின் வரலாற்றைக் கூறும், வழக்கைக் கூறாது.

இவ்விடத்து ஓர் உண்மை மனங்கொள்ளத்தக்கது. சுயமொழியிற் பயின்று, ஆங்கில நூல்களில்லா வீட்டிலிருந்து வரும் மாணவனுக்குப் பட்டியலே கைக்கெட்டும் நூலகம். அவனை எள்ளுதல் தகாது. நம் முன்னோரும் நிகண்டை மனனஞ் செய்தனர். ஆனால், நிகண்டு இலக்கியங் கற்றற்குத் துணையாக நின்றதேயன்றி அதற்கு மாற்றாக நிற்கவில்லை. பட்டியலுக்கும் அவ்விடமே உரியது.

ஆகவே, கட்டுரைகளையும் துறைசார் நூல்களையும் நாடோறும் வாசித்து, புதுச்சொல்லை அது நின்ற வாக்கியத்தோடு குறித்துக்கொள்ளல் வேண்டும். மறதியின் போக்கை எபிங்ஹவுஸ் என்னும் ஜேர்மன் அறிஞர் 1885இலேயே ஆராய்ந்து வெளியிட்டார். குறித்த சொல்லை இடைவெளியை நீட்டி நீட்டி மீட்டுப் பார்ப்பது நினைவை நிலைக்கச் செய்யும். பட்டியலிற் கண்ட சொல்லையும் வாசிப்பில் எதிர்ப்படும்வரை அறிந்ததாகக் கொள்ளலாகாது.

பரீட்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன்பின், அம்மாணவன் அந்நியமொழியில் நூல்களை வாசிக்கவும், தன் ஆய்வை எழுதவும், அவையில் எதிர்வாதஞ் செய்யவும் வேண்டும். அங்கு வினவப்படுவது அவன் எத்தனை சொற்களை அறிவான் என்பதன்று. அச்சொற்களால் எதனைச் சொல்ல வல்லான் என்பதே.