மூக்கில்தான் வில்லங்கம்: பிரௌனிங் 1922

விவரப் பட்டியலை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். பெல்ஜியத்தின் எஃப்.என். தொழிற்சாலையில் செய்தது. 7.65 மி.மீ.; நம்மூர் லைசென்ஸில் எழுதுவது .32. மேகசினில் ஒன்பது ரவுண்டு. ராணுவத்துக்கென்று உருவான செமி ஆட்டோமேடிக். இதெல்லாம் பழைய பிஸ்டல் பிரியர்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாதது, இது எங்கள் கடலோரப் பட்டிபுலத்தில் எப்படிப் பிழைக்கும் என்பது. பிழைக்காது. பிழைக்க வைப்பது உங்கள் வேலை.

அப்பா காலத்தில் இது செங்கல்பட்டு வீட்டில், கொளவாய் ஏரிப் பக்கம், பீரோவுக்குள் இருந்தது. தீபாவளிக்கு ஒருதரம் வெளியே எடுத்துத் துடைப்பார், பொங்கலுக்கு ஒருதரம் துடைப்பார். அவ்வளவுதான் பராமரிப்பு. நீலம் பூத்த அந்தக் கறுப்பில் ஒரு பொட்டுத் துரு கிடையாது. வாரிசு என்ற முறையில் லைசென்ஸ் என் பெயருக்கு வந்து, நானும் மாமல்லபுரம் பக்கம் குடிவந்த பிறகு கதை மாறிவிட்டது. முப்பது கிலோமீட்டர் கிழக்கே வந்ததற்கு இந்த பிஸ்டல் என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

உப்புக்காற்று எல்லா இரும்பையும்தான் தின்கிறது. ஜன்னல் கம்பி, கேட், ஸ்கூட்டர் சைலன்சர் எதையும் விடுவதில்லை. ஆனால் பிரௌனிங்கை அது தின்கிற இடம் தனி. அதைச் சொல்ல, இதன் வயிற்றைத் திறந்து காட்ட வேண்டும்.

இந்த பிஸ்டலின் மூலவடிவம் 1910 மாடல். அதற்கு முந்தைய பிரௌனிங்குகளில் பின்தள்ளும் ஸ்பிரிங் பேரலுக்கு மேலேயோ கீழேயோ தனிக் குழலில் இருக்கும். ஜான் பிரௌனிங் அதைத் தூக்கி, பேரலைச் சுற்றியே மாட்டிவிட்டார். பிஸ்டல் ஒல்லியானது, சட்டைப் பைக்குள் போனது. அழகான யோசனை. பிற்பாடு யூகோஸ்லாவியா ஆன நாட்டின் ராணுவம் 1923-ல் ஆர்டர் கொடுக்கும்போது, இன்னும் நீளமான பேரல் வேண்டும், கூடுதல் தோட்டா பிடிக்க வேண்டும் என்று கேட்டது. ஸ்லைடு முழுவதையும் புதிதாகக் கடைய எஃப்.என்.னுக்கு மனமில்லை. இருந்த ஸ்லைடின் முனையில் ஒரு மூக்கை ஒட்டவைத்து, பேரலைச் சுமார் ஓர் அங்குலம் நீட்டி, பிடியையும் இறக்கிவிட்டது. ராணுவ பிஸ்டல் தயார்.

என் புலம்பல் எல்லாம் அந்த மூக்கைப் பற்றித்தான். பேரலுக்கும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்குக்கும் நடுவே இருக்கும் சந்தில் கடல் ஈரம் போய் உட்கார்ந்துகொள்கிறது. வெளியே எவ்வளவு பளபளப்பாகத் துடைத்து வைத்தாலும் உள்ளே தெரியாது. வெள்ளைத் துணியைப் பேரல்மேல் சுற்றி இழுத்தால் தெரியும்: ஸ்பிரிங்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கோடாக, சரிந்து சரிந்து, செங்காவி நிறத்தில் துரு அச்சு விழும். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் தவறாமல் விழும்.

துடைக்க வேண்டுமென்றால் திறக்க வேண்டும். திறக்க வேண்டுமென்றால் மூக்கைக் கழற்ற வேண்டும். தாழ்ப்பாளை நகர்த்தி, மூக்கை உள்ளே அழுத்தி, திருப்பி, அழுத்தம் குறையாமல் மெல்ல விட வேண்டும். இந்த நாலாவது காரியத்தில் கட்டைவிரல் ஒரு நொடி வழுக்கினால் போதும், உள்ளே அமுங்கிக் கிடந்த ஸ்பிரிங் மூக்கை எங்கேயாவது அனுப்பிவிடும். என் வீட்டில் அது கூடை நாற்காலிக்கு அடியிலும், ஒருமுறை அத்தையின் வெற்றிலைத் தட்டிலும் போய் விழுந்திருக்கிறது. “தேங்காய் எண்ணெய் தடவி வெச்சா போதாதாடா?” என்பார் அத்தை. போதாது அத்தை, அது நாள்பட்டால் பிசினாகிவிடும். மெல்லிய துப்பாக்கி எண்ணெய்தான் சரி. கிடைக்காவிட்டால் நல்ல தையல் மிஷின் எண்ணெய். தோல் உறைக்குள் வைத்துப் பூட்டுவது மட்டும் கூடவே கூடாது. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்து ஊட்டும்.

இவ்வளவு திட்டினாலும் இந்த பிஸ்டல்மேல் எனக்குப் பாசம் உண்டு. காரணம் சுடும்போது தெரிகிறது. கிளப் ரேஞ்சில் கட்கி தொழிற்சாலைத் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் இது சிக்குவதே இல்லை. உதை மிதமாக இருக்கிறது. வெளியே சுத்தியல் இல்லாததால் எதிலும் மாட்டாது. பிடியை முழுக்க இறுக்காமல் ட்ரிகர் வேலை செய்யாது; மேகசினைக் கழற்றிவிட்டாலும் செய்யாது. நூறு வருடத்துக்கு முந்தைய ஆள் இத்தனை பாதுகாப்பை யோசித்திருக்கிறார். குறிபார்க்கும் முனைகள்தான் பேருக்கு இருக்கின்றன. நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு அவை இருப்பதே தெரியாது. மேகசின் பூட்டு பிடியின் அடியில் இருப்பதால் மாற்ற இரண்டு கையும் வேண்டும்.

தட்டையாக இருப்பது, பைக்குள் அடங்குவது, சிக்காமல் சுடுவது என்ற இந்தக் குணங்களுக்கு நம் பக்கத்துச் சரித்திரத்திலும் ஓர் இடம் உண்டு. 1878 ஆயுதச் சட்டம் லைசென்ஸ் இல்லாமல் இந்தியர் கையில் துப்பாக்கி இருப்பதைக் குற்றமாக்கி வைத்திருந்த காலத்தில், ஒளித்துக் கடத்த பெல்ஜிய பிரௌனிங் தோதாக இருந்தது. லண்டனிலிருந்து சாவர்க்கர் அனுப்பிய இருபது பிரௌனிங்குகளில் ஒன்றுதான் 1909 டிசம்பர் 21 அன்று நாசிக்கில் கலெக்டர் ஜாக்சனைச் சுட்டது. இங்கே, இதே கிழக்குக் கடற்கரையில், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் வாஞ்சிநாதன் சுடப் பழகினார். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில், ரயிலின் முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்த கலெக்டர் ஆஷைச் சுட்டதும், பிறகு தன்னையே சுட்டுக்கொண்டதும் பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங்கால்தான். இருந்தும் எங்கள் பக்கத்துப் பள்ளி ஆண்டுவிழாவில் வாஞ்சி கையில் கவ்பாய் ரிவால்வரைக் கொடுத்து அனுப்பினார்கள். எழுந்து சொல்லலாமா என்று வாய்வரை வந்தது.

மூன்று வருடம் கழித்து 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டது 1910 மாடல், என் பிஸ்டலுக்கு நேர் அண்ணன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பெல்ஜியத்தைப் பிடித்ததும் 1922 மாடலைத் தங்களுக்காகவே மூன்றரை லட்சத்துக்கும் மேல் செய்ய வைத்தார்கள். டச்சு ராணுவமும் போலீசும் அதற்கு முன்பே வாங்கியிருந்தன. இங்கிருந்து தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டை இடிந்து கிடக்கிறது. உப்புக்காற்று என்றால் என்னவென்று அவர்களையாவது கேட்டிருக்கலாம் எஃப்.என்.காரர்கள். பிரௌனிங் 1926-ல் லியேஜில், அந்தத் தொழிற்சாலையிலேயே, மகனின் அலுவலக அறையில் வேலை நடுவே இறந்துபோனார். அவர் தொடங்கி வைத்ததை த்யோதொனே சேவ் என்பவர் முடித்து 1935-ல் வந்த ஹை-பவரின் வழித்தோன்றல்தான் மேற்கு வங்கத்தின் இஷாப்பூரில் செய்து நம் ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் 9 மி.மீ. பிஸ்டல். அது நமக்கு லைசென்ஸில் கிடைக்காது. தடை செய்யப்பட்ட அளவு.

கடைசி எரிச்சல் பிஸ்டலைச் சேர்ந்ததல்ல. தேர்தல் வந்தால் லைசென்ஸ் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024-ல் மார்ச் 16 அன்று நடத்தை விதி வந்தது, முடிவு வந்தது ஜூன் 4. அந்தக் கோடை முழுக்க என் பிரௌனிங் ஒரு ஸ்டேஷன் அறையில், செய்தித்தாளில் சுற்றி, சாக்குப் பைக்குள் கிடந்தது. திரும்பி வந்தபோது மூக்கு திரும்பவே மறுத்தது. எண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவைத்த பிறகுதான் அசைந்தது. உள்ளே ஸ்பிரிங் தவிட்டு நிறம்; பேரலின் வெளிப்பக்கத்தில் இப்போதும் தடவினால் நகத்துக்குத் தட்டுப்படும் குழிகள்.

என் தீர்ப்பு: செங்கல்பட்டு, மதுராந்தகம் என்று உள்ளே தள்ளி இருப்பவர்களுக்கு, ஒழுங்கான ஆவணத்தோடு ஒரு 1922 கைமாறி வந்தால் யோசிக்காமல் வாங்கலாம். ஈ.சி.ஆர். ஓரத்தில் இருப்பவர்களுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அடுத்த தேர்தலுக்கு, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடம் ஒப்படைக்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். எங்கே ஒப்படைத்தாலும் முதல் நாள் ராத்திரி மூக்கைக் கழற்றி, பேரலுக்கும் ஸ்பிரிங்குக்கும் தாராளமாக எண்ணெய் போட்டு, ரசீதில் பிஸ்டலின் நம்பரைச் சரிபார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.