கோட்டுக்கு எந்தப் பக்கம்?

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரைப் பார்க்கப் போகிறவர்கள் கண் முதலில் அதன் மரச் சிற்பங்களில்தான் நிற்கும். உளி நடந்த தடம் தெரிந்தால் அதைக் கலை என்கிறோம். அந்தச் சிற்பத்துக்கு மரம் அறுத்துக் கொடுத்தவரைப் பற்றிப் பேச்சே வராது. மேலே ஒருவர், பள்ளத்தில் ஒருவர் நின்று நாளெல்லாம் ரம்பம் இழுத்த காலத்திலேயே அறுப்பு என்பது கூலி வேலை, செதுக்குவதும் இழைப்பதும்தான் வித்தை என்று தரம் பிரித்துவிட்டார்கள். கையில் பிடிக்கும் மின்சார வட்ட ரம்பம் வந்ததும் அந்தக் கொஞ்ச மரியாதையும் போயிற்று. சுவிட்சை அழுத்தினால் அறுக்கிறது, இதில் ஆசாரிக்கு என்ன வேலை என்கிறார்கள். எனக்கு இது நேர் தலைகீழாகப் படுகிறது. கை ரம்பம் தவறை மன்னிக்கும். நாலு இழுப்பில் கோடு விலகினால் ஐந்தாவது இழுப்பில் மணிக்கட்டைத் திருப்பிச் சரிக்கட்டலாம். வட்ட ரம்பத்தில் அது நடக்காது. மரத்துக்குள் இறங்கியபின் அதைத் திருப்ப முயன்றால் பிளேடு இறுகும், மரம் கருகும், சில சமயம் ஆளையே உதைக்கும். ஆகவே யோசனை முழுவதையும் சுவிட்சுக்கு முன்பே முடித்தாக வேண்டும். ரசிக்க வேண்டிய இடம் அதுதான்.

முதல் யோசனை, கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பது. கார்பைடு பல் வைத்த 7 இஞ்ச் பிளேடு மரத்தில் சுமார் இரண்டரை மில்லிமீட்டரைத் தூளாக்கிவிடும். தச்சர் கணக்கில் ஒரு நூலுக்குச் சற்றுக் குறைவு. 8-க்கு 4 பிளைவுட்டில் ஐந்து தட்டுகளுக்குச் சேர்த்து ஒரே மூச்சில் கோடு போட்டு, கோட்டின் மேலேயே அறுத்துக்கொண்டு போனால் நாலு அறுப்பில் ஒரு சென்டிமீட்டர் காணாமல் போயிருக்கும். தெரிந்த கை ஒரு கோடு போட்டு, அறுத்து, அறுத்த விளிம்பிலிருந்து அடுத்த அளவை எடுக்கும். கழிவுப் பக்கத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறியும் போட்டு வைக்கும். பிளேடு தின்பது அந்தப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது, எந்த முகம் மேலே என்பது. இந்த ரம்பத்தின் முன்பற்கள் கீழிருந்து மேலாக ஏறி வருகின்றன. எனவே சிலும்பு மேல்முகத்தில்தான் எழும். சன்மைக்கா ஒட்டிய பலகையை நல்ல முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்தில் கோடு போட்டு அறுப்பவரைப் பார்த்தால் அவருக்குத் தொழில் தெரியும் என்று நம்பலாம். இரண்டு பக்கமும் சன்மைக்கா என்றால் மேல்கோட்டைக் கத்தியால் ஒருமுறை ஆழக் கீறிவிட்டு அதன் ஓரமாக ரம்பத்தை விடுவார். இதற்கெல்லாம் மேலாக நான் வைப்பது, காசில்லாமல் செய்துகொள்ளும் ஒரு வழிகாட்டிப் பலகையை. 6 மில்லிமீட்டர் பிளைவுட்டின் மேல் நேரான ஒரு பட்டையைத் திருகி, அந்தப் பட்டையோடு ரம்பத்தின் அடித்தகட்டை அணைத்து ஒருமுறை ஓட்டினால், பிளைவுட்டின் மிச்ச விளிம்பை ரம்பமே வெட்டித் தள்ளிவிடும். அதன்பின் அந்த விளிம்புதான் பிளேடு போகும் பாதை. கோட்டின் மேல் விளிம்பை வைத்துக் கிளாம்ப் போட்டால் போதும், கூட்டிக் கழிக்க வேண்டியதில்லை. அதே விளிம்பு நாரை அழுத்திப் பிடிப்பதால் அந்தப் பக்கம் சிலும்பும் குறைகிறது. ரம்பத்தையோ பிளேடையோ மாற்றினால் பலகையையும் புதிதாகச் செய்ய வேண்டும். ஒரு கருவிக்கென்றே அளந்து செய்த இதைவிட அழகான துணைக்கருவி தச்சுப் பட்டறையில் எனக்குத் தெரிந்து இல்லை.

இதெல்லாம் எதற்கு, தொழிற்சாலையில் பேனல் சா மில்லிமீட்டர் பிசகாமல் அறுத்துத் தருகிறதே என்று கேட்கலாம். தரத்தான் செய்கிறது. ஆனால் பேனல் சா அறுப்பது சதுரத்துக்கு. நம் வீட்டுச் சுவரோ பெரும்பாலும் சதுரமாக இருப்பதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில், தென்திருப்பதி என்று பேர் பெற்ற, சீனிவாசப் பெருமாள் குடியிருக்கும் திருவண்ணாமலை அடிவாரத்தில் கட்டினாலும் ராஜபாளையத்தில் கட்டினாலும், பூச்சு வேலை முடிந்த மூலையில் மூலைமட்டத்தை வைத்தால் எங்கோ ஓர் இடைவெளி தெரியும். அந்தக் கோணலைப் பலகையில் வரைந்து, அங்கேயே அறுத்துப் பொருத்துவதற்கு ஆளோடு போகிற ரம்பம்தான் வேண்டும். இயந்திரம் கைவேலையைக் கொன்றுவிட்டது என்பவர்களுக்கும் பதில் உண்டு. இரண்டு சட்டங்களைப் பாதிக்குப் பாதி பொருத்த, ஆழத்தைச் சட்டத்தின் பாதிக் கனத்துக்குக் கட்டிவைத்து, நெருக்கமாகப் பல வெட்டுகள் போட்டு, நடுவில் நிற்கும் சீவல்களைக் கொட்டாப்புளியால் தட்டி, உளியால் அடியைச் சமன் செய்கிறார்கள். உளிக்கு மிஞ்சுவது முரட்டு வேலை அல்ல, நுண்ணிய வேலை. அமெரிக்காவில் 1920-களில் எட்மண்ட் மிஷல் கையில் பிடிக்கும் இந்த மின்சார வட்ட ரம்பத்தை உருவாக்கியதே கரும்பு வெட்டுகிறவர்கள் வெட்டரிவாளோடு படும் பாட்டைப் பார்த்துத்தான் என்பார்கள். முதுகொடியும் பாகத்தை எடுத்துக்கொள்வதுதான் அதன் நோக்கமே.

ஆபத்து என்ற ஆட்சேபம் மட்டும் முழுக்க நியாயமானது. அதற்கும் காரணம் தெரிந்தால் பாதி பயம் போகும். பலகையின் இரண்டு நுனியை மட்டும் தாங்கி நடுவில் அறுத்தால் அது தொய்ந்து, வெட்டு மூடி, பிளேடைக் கவ்வுகிறது. ரம்பம் பின்னால் பாய்வது அப்போதுதான். பலகை முழுவதற்கும் அடியில் தெர்மாகோல் தாளோ பழைய பிளைவுட்டோ விரித்து, பல் மட்டும் கீழே எட்டிப் பார்க்கிற அளவுக்கு ஆழத்தைக் குறைத்துக்கொண்டால் கவ்வ இடமில்லை. நம் ஊர்களில் உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. விலை குறைவு என்பதால் டைல்ஸ் அறுக்கும் 4 இஞ்ச் மார்பிள் கட்டரில் மர பிளேடை மாட்டி ஓட்டுகிறார்கள். மர ரம்பம் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றினால், இது 12,000-க்கும் மேல் சுற்றுகிறது. மர ரம்பத்தில் அறுப்பு முடிந்ததும் தானே இறங்கிப் பற்களை மூடும் அடிக்கவசம் இதில் கிடையாது. அதைக் கையில் எடுத்தவர் எவ்வளவு நேராக அறுத்தாலும், அந்த அறுப்பை ரசிக்க எனக்கு மனம் வருவதில்லை.