சுவரில் படியும் எழுத்து

1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைச் சுவரின் புகைப்படம். அதிலுள்ள பெயரை மாற்ற வேண்டும். மாற்றியது தெரியக் கூடாது.

கணினி எழுத்தை அப்படியே வைத்தால் சுவரில் ஒட்டாமல் மிதக்கும். கைதேர்ந்தவர் பழைய பெயரை அழித்து, பக்கத்துச் சுவர்ப்பரப்பை எடுத்து அங்கே நிரப்புகிறார். புதுப் பெயரைச் சுவரின் கோணத்துக்குச் சாய்த்து, ஃபோட்டோஷாப்பின் 'மல்டிப்ளை' என்ற கலப்பு முறையில் படியவிட்டால், விரிசலும் மழைக்கறையும் பெயின்ட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். அபாரமான கணம் அது! வெள்ளை எழுத்துக்கு மட்டும் இது உதவாது, காணாமல் போய்விடும். கறுப்பையும் வெயிலில் வெளுத்த சாம்பலாகக் குறைக்க வேண்டும். ஓரங்களில் பிரஷ்ஷின் லேசான நடுக்கமும் தேவை.

1970களின் தொடக்கத்தைக் காட்டும் படமென்றால், 'தொழிற்சாலை'யின் லை பழைய வடிவில், துதிக்கையோடு நிற்க வேண்டும். அதை மாற்றிய எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது 1978இல்தான்.